நண்பனின் பெயரைச் சுமந்தவர்



ஏப்ரல் 29 அன்று ஏம்பலத்தில் புரட்சிக்கவிஞரின் பிறந்த நாள் விழா. வானளாவிய பந்தல் இல்லை, வண்ண விளக்கு இல்லை. படிப்பகத்து வாசலில் நான்கு பெஞ்சு, ஒரு ஒலிபெருக்கி, ஒரு படம், ஒரு மாலை. வயலிலிருந்து வந்தவர் பாதி, வேலை முடிந்து வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றவர் பாதி. நாம் பேசினோம். வழக்கம் போலத்தான் பேசினோம். சாதியைச் சாடினோம், சடங்கைச் சாடினோம், தமிழை வாழ்த்தினோம். கைதட்டலும் கிடைத்தது.

கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு பெரியவர் அருகே வந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். சாமி இல்லை என்றார் அவர், சாதி இல்லை என்றார், எவனுக்கும் எவனும் அடிமை இல்லை என்றார். எல்லாம் சரி, தம்பி. பிறகு ஏன் சாகும்வரை தன் பெயரில் ஒரு 'தாசனை' வைத்துக்கொண்டிருந்தார்? அதுவும் பார்ப்பனக் குலத்திலே பிறந்த ஒருவருக்குத் தாசன்?

மேடையிலே மணிக்கணக்கில் முழங்கத் தெரிந்த நமக்கு, அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. ஏதோ சொல்லி மழுப்பினோம். அவரும் பெருந்தன்மையோடு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் கேள்வி போகவில்லை. இரவெல்லாம் கூடவே கிடந்தது.

அந்தப் பெரியவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இன்று எழுதுகிறோம். பதில் ஒரு வரியில் இல்லை. ஒரு வாழ்க்கையில் இருக்கிறது.

நம் பக்கத்து மண்ணைப் பற்றி வெளியூர்த் தோழர்களுக்கு ஒரு சொல். வில்லியனூர், பாகூர், ஏம்பலம், இவையெல்லாம் அந்நாளில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. ஆனால் ஒரே நிலமாக இல்லை. கிழிந்த துணியைப் போல ஆங்காங்கே கிடந்தது. இந்த வரப்புக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் பிரிட்டிஷ். மாடு மேயப் போனால் இரண்டு பேரரசுகளில் மேய்ந்துவிட்டு வரும்! மனிதனுக்குத்தான் எல்லை, சுங்கம், சோதனை. இந்த எல்லைக்கோடு இல்லாவிட்டால் நாம் சொல்லப்போகும் கதையே இல்லை.

புதுவையில் 1891 ஏப்ரல் 29 அன்று கனகசபை, இலக்குமி அம்மாள் ஆகியோரின் மகனாகப் பிறந்தான் சுப்புரத்தினம். தந்தை வணிகர். திருப்புளிசாமி அய்யா, பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை என்று புதுவையின் தமிழறிஞர்களிடம் பாடம். கல்வே கல்லூரியில் படித்து, தமிழ்த் தேர்வில் முதலாவதாகத் தேறி, 1909இல், மீசை சரியாக முளைக்காத வயதிலே, காரைக்கால் பக்கத்து நிரவியில் அரசுப் பள்ளி ஆசிரியரானான். அந்த இளைஞனை இனி 'அவர்' என்று சொல்வோம், வாத்தியார் ஆகிவிட்டாரே!

இதற்கிடையில்தான் எல்லைக்கோடு தன் வேலையைச் செய்தது. 1908இல் சென்னையில் 'இந்தியா' ஏட்டின் மீது ஆங்கில அரசு பாய்ந்தது. சுப்பிரமணிய பாரதி எல்லை தாண்டிப் புதுவைக்கு வந்து சேர்ந்தார். ஏடும் வந்து சேர்ந்தது. அரவிந்தர் 1910இல் வந்தார். அதே ஆண்டு வ.வே.சு. அய்யர் வந்தார். எவனைப் பிடித்தால் தூக்கில் போடலாம், எவனைப் பிடித்தால் தீவுக்கு அனுப்பலாம் என்று வெள்ளையன் கணக்குப் போட்டு வைத்திருந்தானோ, அவர்களெல்லாம் இந்தச் சின்னஞ்சிறு ஊரிலே வந்து குடியிருந்தார்கள்.

அவர்கள் பின்னாலேயே ஒற்றர்களும் வந்தார்கள். தெருவுக்கு ஒருவன், திண்ணைக்கு ஒருவன். 'இந்தியா' பிரிட்டிஷ் பகுதிக்குள் நுழையக் கூடாது என்று தடை விழுந்ததால் ஏடு 1910இல் நின்றுபோயிற்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபின் நெருக்கடி இன்னும் இறுகியது. அந்த வீடுகளுக்குப் போய் வருகிற உள்ளூர் இளைஞன் ஒவ்வொருவனும் ஒற்றனின் குறிப்பேட்டில் ஏறினான். போகாமல் இருப்பது எவ்வளவு எளிது! அரசு வேலை, மாதச் சம்பளம், மரியாதையான குடும்பம், இத்தனையும் உடைய ஒரு வாலிபன், அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சுப்புரத்தினம் போனார்.

எப்படிப் போனார் என்பதை அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். வேணு நாயக்கர் என்பவர் புதுவையில் உடற்பயிற்சியும் சிலம்பமும் கற்றுக்கொடுத்த கொட்டடி வாத்தியார். அவர் வீட்டுத் திருமணம். விருந்து முடிந்தபின் பாட வைத்தார்கள். சுப்புரத்தினத்துக்கு நல்ல குரல். பாரதியின் சுதந்திரப் பாடல் ஒன்றை எடுத்து உணர்ச்சி பொங்கப் பாடினார். கூட்டத்தில் ஒருவர் வைத்த கண் வாங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் பாரதி என்று பாடியவருக்குத் தெரியாது! பாடியபின்தான் அறிமுகம் செய்து வைத்தார்கள். தான் பாடிய பாட்டை எழுதியவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தபோது ஒரு வாலிபனுக்கு எப்படி இருந்திருக்கும்? நாம் கட்சித் தலைவர் ஒருவரை முதன்முதலில் அருகில் பார்த்தபோது கால் தடுமாறியது நினைவிருக்கிறது. அதைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

அன்று முதல் அவர் பாரதி வீட்டுப் பிள்ளையானார். எட்டு ஆண்டுக்கு மேல் மூத்தவர் பாரதி. ஆனாலும் குரு, சீடன் என்று தள்ளி நின்ற உறவு அல்ல அது. சேர்ந்து நடந்தார்கள், சேர்ந்து பாடினார்கள். முத்தியாலுப்பேட்டையில் ஒரு தோப்பு, கிருஷ்ணசாமிச் செட்டியாருடையது. அங்கே மரநிழலில் உட்கார்ந்தால் பாரதிக்குப் பசியும் மறக்கும், கடனும் மறக்கும். 'குயில் பாட்டு' பிறந்தது அந்தத் தோப்பை வைத்துத்தான். பிற்காலத்தில் நம் கவிஞர் தம் ஏட்டுக்குக் 'குயில்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் எந்த மரத்திலிருந்து பறந்து வந்தது என்பதில் நமக்கு ஐயம் இல்லை.

ஒருநாள் நண்பர்கள் நடுவே பாரதி சுப்புரத்தினத்தை ஒரு பாட்டு எழுதச் சொன்னார். உட்கார்ந்த இடத்திலே எழுதினார் அவர். எதைப் பற்றி? சக்தியைப் பற்றி! ஆம் தோழர்களே, பின்னாளில் நாத்திகப் பறை அறைந்த அதே கைதான் அன்று சக்தியைப் பாடியது. அதை மறைக்கவேண்டிய தேவை நமக்கு இல்லை. பாரதி அந்தப் பாட்டைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். இதை எழுதியவர் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்பினார். பெயர் பெற்ற கவிஞன், பெயர் தெரியாத ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் மண்டலத்தான் என்று உலகுக்கு அறிவித்தான். இன்றைக்கு இலக்கிய மேடைகளில் அடுத்தவன் பெயரைச் சொல்லவே நாக்கு கூசும் பெருமக்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பாரதியைப் பற்றி நமக்கு மாறுபாடு இல்லையா என்றால், உண்டு. 1913இல் கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட இளைஞருக்கு அவர் பூணூல் போட்டார். நம் இயக்கத்தார் அதைக் கேட்டால், பூணூலை எல்லார் தோளிலிருந்தும் கழற்றவேண்டியதுதானே, புதிதாக ஒரு தோளில் மாட்டுவானேன் என்று கேட்போம். சரியான கேள்விதான். ஆனால் நூறு ஆண்டுக்கு முன்பு, அக்கிரகாரம் கொதித்தெழும் என்று தெரிந்தே, தன் சாதிக்காரன் முகத்தைப் பார்க்காமல் அந்தக் காரியத்தைச் செய்த மனிதனின் நெஞ்சுரத்தை இல்லை என்று சொல்ல முடியுமா? பக்கத்திலிருந்து பார்த்தவர் சுப்புரத்தினம். கட்டுரையில் படித்தவர் அல்ல.

அந்த வட்டத்தில் இன்னொருவர் வ.வே.சு. அய்யர். இலண்டனுக்குப் பாரிஸ்டர் படிப்புக்குப் போய், புரட்சிக்காரராக மாறி, தப்பி வந்து புதுவையில் பத்தாண்டு இருந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். இவரைப் பற்றியும் நமக்குக் கசப்பான நினைவு உண்டு. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம், பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கிளப்பிய போராட்டம், நாட்டையே உலுக்கியது. தனிப்பந்தி தவறு, அதை அனுமதித்தது தவறு. அந்தக் கொந்தளிப்பு அடங்குவதற்குள்ளேயே, 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் பாய்ந்து அய்யரும் மாண்டார். வயது 44. எதிராளியாக நின்று வாதாடியிருக்கவேண்டியவர், வாதம் முடியுமுன் தண்ணீரில் போய்விட்டார்.

நாம் முந்திவிட்டோம். அதற்கு நான்கு ஆண்டுக்கு முன்பே பேரிடி விழுந்தாயிற்று.

1918 நவம்பரில் பாரதி புதுவையை விட்டுப் புறப்பட்டார். பத்தாண்டு அடைபட்டுக் கிடந்தவர், இனி ஆகாது என்று எல்லையைத் தாண்டினார். கடலூருக்கு அருகே பிடித்துவிட்டார்கள். சில வாரச் சிறை. பிறகு விடுதலை, கடையம், பிறகு சென்னை. சுப்புரத்தினத்துக்கு அப்போது 27 வயது. பதினேழில் தொடங்கிய தோழமை. ஒரு மனிதனுக்கு இளமை என்று சொல்லத்தக்க பத்தாண்டும் அந்தத் தோப்பிலும் அந்தத் திண்ணையிலும் போயிற்று. 1920இல் பழநி அம்மாளை மணந்தார். 1921இல் தலைமகள் சரசுவதி பிறந்தார்.

அதே 1921இல், செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்த வேளையில், திருவல்லிக்கேணியில் பாரதி இறந்தார். நாற்பதுகூட நிரம்பவில்லை. 38 வயது. கோயில் யானை தள்ளியதால் இறந்தார் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். யானை தள்ளியது உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் தேறினார். பின்னர் வந்த வயிற்றுக் கடுப்புதான் உயிரைக் கொண்டுபோயிற்று. சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். இன்று பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர், சாலைக்கு அவர் பெயர், நம் புதுவையில் ஓர் ஆலைக்குக்கூட அவர் பெயர்.

இங்கே சற்று நின்று நம் கதையைச் சொல்ல அனுமதி வேண்டும்.

ஏம்பலத்துப் படிப்பகத்தில் மாலை போட்டோமே, அந்தப் படம், கடையில் வாங்கியது அல்ல. நம்மோடு வளர்ந்த தோழன் ஒருவன் வரைந்தது. முறுக்கு மீசை, மூக்குக் கண்ணாடி, தோளில் சால்வை. மூன்று இரவு விழித்து வரைந்தான். தேர்தல் காலத்தில் நம் சுற்றுவட்டாரத்துச் சுவரெழுத்தெல்லாம் அவன் கைதான். எழுத்துப் பிழையை மட்டும் நாம் திருத்துவோம். இரவுப் பணி முடித்து இருசக்கர வண்டியில் வரும்போது சாலையில் போய்விட்டான். 26 வயது. அவனுடைய தூரிகைகளை அவன் அம்மா நம்மிடம் கொடுத்தார்கள். நமக்கு வரையத் தெரியாது. பரண்மீது இருக்கின்றன. வீட்டைக் காலி செய்தபோது இரண்டு முறை எதையெதையோ எடைக்குப் போட்டோம். அந்தப் பெட்டியைப் போடவில்லை. ஏன் என்று மனைவி கேட்கவும் இல்லை, நாம் சொல்லவும் இல்லை.

கவிஞரிடம் திரும்புவோம்.

பாரதி போனபின் அவர் என்ன செய்தார்? முதலில் பாரதி வழியிலேயே நடந்தார். காங்கிரசுக்காரர். கதர்த் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். மயிலம் முருகன்மேல் துதிப் பாடல்கள் எழுதினார். கண்டழுதுவோன், கிறுக்கன், கிண்டற்காரன் என்று பல புனைபெயர்கள் வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று, பாரதிதாசன்.

பிறகு 1928 வாக்கில் தன்மான இயக்கம் அவரை இழுத்தது. பெரியாரின் பேச்சும் 'குடிஅரசு' எழுத்தும் அவருள்ளே ஏற்கனவே புகைந்துகொண்டிருந்ததை ஊதி எரியவிட்டன. முருகனைப் பாடிய வாய் மூடநம்பிக்கையைச் சுட்டது. 'புதுவை முரசு' ஏட்டில் எழுதினார். 1930இல் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' வந்தது. புராணக் கதைக்குள்ளே புகுந்து புராணத்தின் அடிக்கட்டையையே அறுக்கிற காவியம்! தாழ்த்தப்பட்டோர் சமத்துவத்துக்குப் பாட்டு எழுதினார். விதவைக்கு மறுமணம், பெண்ணுக்குப் படிப்பு, தொழிலாளிக்கு உரிமை. எல்லாம் மாறிற்று. கட்சி மாறிற்று, கடவுள் போயிற்று, கதர் போயிற்று. புனைபெயர்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

ஒன்று மட்டும் உதிரவில்லை.

இயக்கத் தோழர்கள் கேட்காமல் இருந்தார்களா? கேட்டார்கள். ஏம்பலத்துப் பெரியவர் இன்று நம்மைக் கேட்டதை அன்று அவரையே நேரில் கேட்டார்கள். அவர் கூச்சப்படவில்லை. பாரதி சாதியை எதிர்த்தவர். எளிய தமிழில் பாட்டு எழுத வழிகாட்டியவர். அந்த வழியைத் தமக்குக் காட்டியவர். இதுதான் அவர் சொன்னதன் சாரம். அதோடு நின்றாரா? 1935இல் ஒரு கவிதை இதழ் தொடங்கினார். அதன் பெயர், 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்'! தன்மான இயக்கத்தின் நடுநாயகக் கவிஞர், பார்ப்பன எதிர்ப்பு உச்சத்தில் இருந்த காலத்தில், 'ஸ்ரீ' உட்பட அப்படியே பெயர் வைத்து இதழ் நடத்தினார். எத்தனை பேருக்கு முகம் சுளித்திருக்கும்! ஆனால் உற்றுப் பாருங்கள். கவிதா மண்டலம் என்ற அந்தச் சொல், பாரதி அவரை முதன்முதலில் உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது எழுதிய சொல். அதைத்தான் எடுத்துத் தலைப்பில் போட்டார்.

கொள்கையில் அவர் பெரியாரின் ஆள். அதில் எள்ளளவும் ஐயம் இல்லை. பாரதியின் கடவுளை அவர் ஏற்கவில்லை, பாரதியின் ஆரிய நாட்டுப் பெருமையை ஏற்கவில்லை. நண்பனின் கருத்தை விட்டார், நண்பனை விடவில்லை. இதிலே முரண்பாடு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். முரண்பாடே இல்லாத மனிதனைத் தேடினால் கற்சிலைகளிடம்தான் போகவேண்டும்.

புதுவைத் தொழிலாளர் பக்கமும் ஒரு பார்வை. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில், சங்க உரிமைக்கும் எட்டு மணி நேர வேலைக்கும் போராடிய தொழிலாளர்மீது பிரெஞ்சு அரசின் துப்பாக்கி பேசிற்று. 12 பேர் மடிந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டம் அது. அந்த இரத்தத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்தப் பன்னிருவரும் நெடுநாள் வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்திருக்கவேண்டியவர்கள். அந்த ஆலை பிறகு சுதேசி ஆலை என்று பெயர் பெற்றது. பக்கத்தில் பாரதி ஆலை. நம் ஊர்களிலிருந்து சைக்கிளில் போய் வந்தவர்கள் எத்தனை பேர்! 2020இல் இரண்டும் மூடப்பட்டன. கேள்வி கேட்ட பெரியவர் அங்கே உழைத்தவர்களின் தலைமுறை.

கவிஞரின் புகழ் பெருகிய ஆண்டுகளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. கழகத் தோழர்களுக்குப் பாலபாடம். 1938இல் குஞ்சிதம் குருசாமி அம்மையாரின் முயற்சியால் முதல் கவிதைத் தொகுதி வந்தது. 'பாண்டியன் பரிசு', 'குடும்ப விளக்கு', 'அழகின் சிரிப்பு' அடுத்தடுத்து வந்தன. 1946 ஜூலை 29 அன்று சென்னைப் பச்சையப்பன் பள்ளித் திடலில், நாவலர் சோமசுந்தர பாரதியார் தலைமையில், அறிஞர் அண்ணா முன்னின்று திரட்டிய 25,000 ரூபாய் நிதி வழங்கப்பட்டது. 'புரட்சிக்கவி' என்று போற்றினார்கள். அந்நாளில் அது எவ்வளவு பெரிய தொகை! அதே ஆண்டில் 37 ஆண்டு ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த அண்ணாவையே பின்னாளில் 'குயில்' ஏட்டில் கடுமையாகத் தாக்கவும் செய்தார். அதுவும் அவர்தான். நம் கழகம் அதற்காக அவரைத் தள்ளிவைக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று நம் பக்கத்துக் கீழூரில் வாக்கெடுப்பு. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1955 தேர்தலில் வென்று கவிஞர் சட்டமன்றத்துக்குள் போனார். அடுத்த தேர்தலில் தோற்றார். சட்டமன்றத்துக்கு ஒன்றும் நட்டமில்லை, கவிதைக்கு இலாபம் என்பது நம் கருத்து.

விரிக்கவேண்டியது வேறு. தன் முப்பதாவது வயதில் வழிகாட்டியை இழந்த மனிதரின் வீட்டைத் தேடி, வயதான காலத்தில் இளைஞர்கள் வந்தார்கள். அவர் இளமையில் பாரதி வீட்டுக்குப் போனாரே, அதே போல. நம் வில்லியனூரில் 1915இல் பிறந்த எத்திராசலு என்ற அரங்கசாமி, சிறு வயதில் இவரிடம் பாடம் படித்தவர். கவிஞரேறு வாணிதாசன் ஆனார். சேலியமேட்டில் வாழ்ந்து பாகூர்ப் பக்கத்து ஏரியையும் வயலையும் பாட்டில் ஏற்றினார். அவர் பெயரிலும் ஒரு 'தாசன்'! சாமிப்பிள்ளைத் தோட்டத்தில் வளர்ந்த விசயரங்கம் வந்தார், தமிழ்ஒளி ஆனார். அவரைக் கரந்தைத் தமிழ்க் கல்லூரிக்கு அனுப்பிவைத்தவர் நம் கவிஞர்.

தஞ்சை மாவட்டத்துச் செங்கப்படுத்தான்காட்டிலிருந்து ஒருவர் வந்தார். கல்யாணசுந்தரம். வயலில் உழைத்தவர், உழவர் இயக்கத்தில் நின்றவர், அதிகம் பள்ளி பார்க்காதவர். புதுவையில் கவிஞரோடு தங்கி, 'குயில்' வேலைகளில் உதவி, யாப்பும் கற்றார். பிறகு சென்னை சென்று திரைப்படத்துக்குப் பாட்டெழுதினார். ஐந்தாறு ஆண்டுதான். அதற்குள் தமிழ்நாட்டில் ஏர் பிடித்தவனும் தறி நெய்தவனும் வண்டி ஓட்டியவனும் அவர் பாட்டைப் பாடினான். நம் கொள்கை எட்டாத கொட்டகைக்குள்ளும் அது போய் நுழைந்தது. எழுதத் தொடங்குமுன் தாளின் தலையில் பாரதிதாசனுக்கு வாழ்த்துச் சொல்லித் தொடங்குவது அவர் வழக்கம். அவருடைய திருமணம் கவிஞர் தலைமையில் நடந்தது.

1959 அக்டோபர் 8. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இறந்தார். வயது 29.

முப்பது வயதில் பாரதியைப் பறிகொடுத்தவர், அறுபத்தெட்டு வயதில் பட்டுக்கோட்டையைப் பறிகொடுத்தார். தமக்கு முன்னே நடந்தவன் 38இல் விழுந்தான். தமக்குப் பின்னே வந்தவன் 29இல் விழுந்தான். நடுவிலே நின்றவர் இவர். பாரதி இந்த உலகில் வாழ்ந்தது முப்பத்தெட்டே முக்கால் ஆண்டு. பாரதி இல்லாமல் பாரதிதாசன் வாழ்ந்தது நாற்பத்திரண்டரை ஆண்டுக்கு மேல். நண்பனின் முழு ஆயுளைவிட நீண்டது நண்பனற்ற காலம்! அந்தக் காலம் முழுவதும், காலையில் எழுந்து ஒரு கவிதைக்கு அடியில் கையெழுத்துப் போடும்போதெல்லாம், அந்தப் பெயரை அவர் எழுதவேண்டியிருந்தது. எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பார்!

பெரியவரே, தாசன் என்ற சொல்லுக்கு அகராதியில் அடிமை என்றுதான் பொருள். அகராதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை அவர் ஒரு கடவுளுக்குப் பின்னாலும் வைக்கவில்லை, ஒரு மன்னனுக்குப் பின்னாலும் வைக்கவில்லை, ஒரு சாதிக்குப் பின்னாலும் வைக்கவில்லை. ஒற்றன் நின்ற தெருவிலே, கடன்காரன் நின்ற வாசலிலே, பசியோடு பாட்டெழுதிய ஒரு மனிதனுக்குப் பின்னால் வைத்தார். அவன் செத்தபிறகு வைத்துக்கொண்டே இருந்தார். இது போதுமா, போதாதா என்று நீங்களே சொல்லுங்கள். போதாது என்றாலும் நாம் வருந்தமாட்டோம்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும்.

கடைசி ஆண்டுகளில் கவிஞர் சென்னைக்குக் குடிபோனார். 'பாண்டியன் பரிசை'ப் படமாக எடுக்க ஆசைப்பட்டார். கைப்பணம் கரைந்தது, படம் வரவில்லை. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. அந்த நிலையிலும் மேசையில் வேறொரு எழுத்து வேலை நடந்துகொண்டிருந்தது. எழுபது கடந்த மனிதர், தன்மான இயக்கத்தின் கவிஞர், உட்கார்ந்து ஒரு திரைக்கதை எழுதினார். பாரதியின் வாழ்க்கை வரலாறு. காட்சி காட்சியாக, உரையாடலோடு எழுதினார்.

1964 ஏப்ரல் 21 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார். எட்டு நாள் இருந்திருந்தால் 73 நிறைந்திருக்கும். உடலைப் புதுவைக்குக் கொண்டுவந்தார்கள். பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம். ஏம்பலத்திலிருந்து பஸ் ஏறினால் முற்பகலுக்குள் பார்த்துவிட்டு மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். அவர் போன மறு ஆண்டு, 1965 மார்ச்சில், தமிழ்ஒளியும் போனார். நாற்பது வயது.

அந்தத் திரைக்கதை படமாகவில்லை.